பாஸ்டர் சம்மதிக்காமல் சபை மாறினால் இயேசுவின் அதிகாரத்தை மீறியதாகுமா?

சகோதரி, நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதினோரு வருடமாகச் சிங்கப்பூரில் யீஷுன் பக்கம் ஒரு தமிழ்ச் சபைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். இப்போது ஜூரோங் வெஸ்ட்டில் வீவக வீடு (அரசு அடுக்குமாடி வீடு) கிடைத்து மாறிவிட்டீர்கள். ஞாயிறு காலையில் இரண்டு சின்னப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வடக்கு-தெற்கு ரயிலில் பாதித் தீவைச் சுற்றி வருவது முடியவில்லை. வீட்டுப் பக்கத்துச் சபையில் சேர்ந்துகொள்ளலாமா என்று பாஸ்டரிடம் கேட்டீர்கள். அதற்கு அவர், "சபைக்குத் தலை இயேசு. அவர் தம் அதிகாரத்தை எனக்குத் தந்திருக்கிறார். நான் விடுவிக்காமல் நீங்கள் போனால் உங்கள் குடும்பத்தின்மேல் இருக்கிற கவரிங் போய்விடும்" என்றார். கவரிங் என்று அவர் சொல்வது ஆவிக்குரிய பாதுகாப்பை. போகலாமா கூடாதா என்று நீங்கள் கேட்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது வேறு கேள்வி என்று நினைக்கிறேன். இயேசுவுக்குச் சபைமேல் இருக்கிற அதிகாரம் அப்படியே ஒரு மனிதர் கைக்கு வந்துவிடுமா?

முதலில் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் போதகர் இல்லை. கணக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாலை வகுப்புகளில் சில ஆண்டுகள் இறையியல் படித்தேன். கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிற அளவுக்குத்தான் என் கிரேக்கம். இருபத்தாறு ஆண்டு ஒரு தமிழ்ச் சபையின் செயற்குழுவில் பொருளாளராகவும் செயலாளராகவும் இருந்தேன். வளர்ந்தது மெதடிஸ்ட் சபையில், அதனால் ஒரு கத்தோலிக்கரோ பெந்தெகொஸ்தேக்காரரோ சில இடங்களில் என்னோடு உடன்படமாட்டார். அப்புறம், உங்கள் பாஸ்டர் தரப்பை நான் கேட்கவில்லை. அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

உங்கள் பாஸ்டர் சொன்ன முதல் வாக்கியத்தில் சந்தேகமே இல்லை. சபையாகிய சரீரத்துக்குக் கிறிஸ்துவே தலை என்று எபேசியர், கொலோசெயர் நிருபங்கள் நேராகச் சொல்கின்றன. "வானத்திலும் பூமியிலும் சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது" என்று மத்தேயு 28-இல் உயிர்த்தெழுந்த இயேசு சொல்கிறார். புதிய ஏற்பாடு முழுவதையும் புரட்டினாலும் வேறு எந்த மனிதரையும் சபையின் தலை என்று அது அழைக்கவில்லை, பேதுருவையும் சேர்த்துத்தான். இதில் சபைப் பிரிவுகளுக்குள் சண்டையே கிடையாது. ஓஃபிர் ரோட்டில் லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்த் திருப்பலிக்குப் போகிறவரைக் கேளுங்கள், போப்பாண்டவர் கிறிஸ்துவின் பிரதிநிதி என்பார்; கிறிஸ்துவின் இடத்துக்கே வந்துவிட்டவர் என்று சொல்லமாட்டார். திருச்சபையின் போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்கு ஊழியம் செய்வது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965-இல் எழுதி வைத்தது. இங்கிலாந்தில் 1534-இல் எட்டாம் ஹென்றி தன்னைச் சபையின் தலைவர் என்று சட்டம் போட்டு அறிவித்துக்கொண்டார். 1559-இல் அவர் மகள் எலிசபெத் அந்தப் பட்டத்தை விட்டு 'ஆளுநர்' என்று மாற்றிக்கொண்டார். தலை என்ற பெயர் கிறிஸ்துவுக்கே உரியது என்று எழுந்த எதிர்ப்பும் அதற்கு ஒரு காரணம். ஒரு ராணியே அந்தச் சொல்லைத் தொடத் தயங்கினார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. 'அவர் அதிகாரத்தை எனக்குத் தந்திருக்கிறார்.' தந்தது உண்மை. எதைத் தந்தார், எவ்வளவு தந்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேய்க்கவும் போதிக்கவும் தவறு செய்கிறவனைக் கண்டிக்கவும் சிலரை ஏற்படுத்தியிருக்கிறார் என்பதை மறுக்க முடியாது. அவர்களை விளக்க பவுல் பிடிக்கிற சொல்லை நம் பழைய தமிழ் வேதாகமம் அழகாக மொழிபெயர்த்திருக்கிறது: உக்கிராணக்காரர். 1 கொரிந்தியர் 4-ஆம் அதிகாரம். (அதிகாரம் என்றால் ஆட்சியும் உண்டு, புத்தகப் பகுதியும் உண்டு, அதிகாரத்தைப் பற்றி எழுதும்போது இது ஒரு தொல்லை.)

உக்கிராணம் என்ற சொல்லே இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. சின்ன வயதில் பாளையங்கோட்டையில் ஒரு உறவுக்காரக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அரிசி மூட்டை, வெல்லம், எண்ணெய் டின், வாழைத்தார் எல்லாம் ஒரு அறையில் அடைத்திருந்தது, அதுதான் உக்கிராணம். அந்த அறைச் சாவி ஒரு பெரியப்பா இடுப்பில். சமையல்காரர் முந்திரி வேண்டும் என்று வந்தால் அவர்தான் எழுந்து போய்ப் படியால் அளந்து எடுத்துக் கொடுப்பார், கையோடு ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வார். அந்த மூன்று நாள் அவரைக் கேட்காமல் ஒரு தேங்காய்கூட வெளியே போகவில்லை. ஆனால் அந்த முந்திரி அவருடையதா? கல்யாணம் முடிந்த அன்று இரவு பெண்ணின் அப்பா எதிரில் உட்கார்ந்து சீட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கணக்குச் சொன்னார். எண்ணெய் ஒரு டின் குறைந்ததற்கு அவர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அந்தக் காட்சி இன்னும் மறக்கவில்லை, பிற்பாடு கணக்கு வேலைக்குப் போனதாலோ என்னவோ.

இயேசு பேதுருவுக்குத் திறவுகோல்களைத் தருகிறார் அல்லவா, மத்தேயு 16-இல், அதுவும் இதே அறைச் சாவிதான். அந்த உருவகம் ஏசாயா 22-இலிருந்து வருகிறது என்று அறிஞர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். அங்கே செப்னா என்று ஒரு அரண்மனை விசாரிப்புக்காரன். ராஜா வீட்டுப் பொறுப்பு அவனிடம் இருக்கிறது. அவன் என்ன செய்தான் என்றால் உயர்ந்த இடத்தில் பாறையை வெட்டித் தனக்கு ஒரு கல்லறையைப் பெரிதாகக் கட்டிக்கொண்டான். அவனை அந்த இடத்திலிருந்து தள்ளி, எலியாக்கீம் என்பவன் தோளில் தாவீதின் வீட்டுத் திறவுகோலை வைப்பேன் என்று கர்த்தர் சொல்கிறார். வெளிப்படுத்தலில் வந்தால், தாவீதின் திறவுகோலை உடையவர் என்று இயேசு தம்மைப் பற்றியே சொல்லிக்கொள்கிறார். ஆக, சாவியை இன்னொருவர் இடுப்பில் செருகிவிட்டாலும் வீட்டுக்காரர் வீட்டைவிட்டுப் போகவில்லை. உங்கள் பாஸ்டர் இந்த வேறுபாட்டைத்தான் விட்டுவிட்டார் என்று எனக்குப் படுகிறது.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. அதே மத்தேயு 16-இல் 'இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்' என்று இயேசு பேதுருவிடம் சொல்கிறார். அந்தக் கல் பேதுருவா, பேதுரு அறிக்கையிட்ட விசுவாசமா என்பது பழைய வழக்கு. இயேசு பேசிய அரமாயிக்கில் இரண்டு இடத்திலும் கேபா என்ற ஒரே சொல்தான் இருந்திருக்கும் என்பதால், பேதுருவைத்தான் குறிக்கிறது என்று இன்று புராட்டஸ்டண்டு அறிஞர்கள் பலரே ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பொறுப்பு ரோமாபுரி ஆயர்களுக்கு வழிவழியாக வருகிறதா என்பது தனிக் கேள்வி. அதில் நானும் என் கத்தோலிக்க நண்பர்களும் ஒத்துப்போகப் போவதில்லை. அதேபோல 'தலை' என்ற கிரேக்கச் சொல் கெபாலே ஆளுகையைக் குறிக்கிறதா, ஊற்றுமூலத்தைக் குறிக்கிறதா என்று சண்டை இருக்கிறது. எபேசியர் முதல் அதிகாரத்தில் எல்லாவற்றையும் அவர் பாதங்களுக்குக் கீழ்ப்படுத்தினார் என்று கூடவே வருவதால் அங்கே ஆளுகை என்பது தெளிவு. கொலோசெயர் 2-இல் தலையிலிருந்து சரீரம் முழுவதும் வளர்ச்சி பெறுகிறது என்று வருவதால் அங்கே ஊற்றும் உண்டு. எனக்கு இரண்டும் வேண்டும். ஆயர் முறையா, மூப்பர் முறையா, சபையார் எல்லோரும் கூடி முடிவெடுக்கும் முறையா என்பதையும் புதிய ஏற்பாடு ஒரே அச்சில் வார்த்துத் தரவில்லை.

ஆனால் கவரிங் உபதேசத்தை இந்தச் சந்தேகப் பட்டியலில் நான் சேர்க்கமாட்டேன். பாஸ்டருக்குக் கீழே இருந்தால்தான் குடும்பத்துக்குப் பாதுகாப்பு, விலகினால் பிசாசுக்கு வாசல் திறக்கும் என்ற கருத்து புதிய ஏற்பாட்டில் இல்லை. 1 கொரிந்தியர் 11-இல் வருவது முக்காடு; அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய பவுல், நடுவில் இன்னொரு குடையைப் பிடிக்கவில்லை. இந்த உபதேசம் பரவிய வரலாறும் தெரிந்ததுதான். 1970-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஃபோர்ட் லாடர்டேல் நகரில், ஐந்து போதகர்கள் சேர்ந்து ஒரு மேய்ப்பு இயக்கத்தை நடத்தினார்கள். ஒவ்வொரு விசுவாசிக்கும் ஒரு மேய்ப்பர். வேலை மாற, வீடு மாற, கல்யாணம் பண்ண அவர் சம்மதம் கேட்கும் அளவுக்குப் பல இடங்களில் அது போனது. குடும்பங்கள் உடைந்தன. 1986 வாக்கில் அந்த ஐவர் கூட்டு கலைந்தது. அவர்களில் ஒருவரான பாப் மம்ஃபர்ட் 1980-களின் இறுதியில் அதற்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். இயக்கம் போய்விட்டது, அந்தச் சொல் மட்டும் கடல் தாண்டிப் பிழைத்துவிட்டது.

அடுத்து அவர் சொல்லக்கூடிய வசனம் எனக்குத் தெரியும்: 'நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்.' சங்கீதம் 105-ஐ எடுத்து வரிசையாகப் படியுங்கள். அங்கே அபிஷேகம் பெற்றவர்கள் ஆபிரகாமின் சின்னக் குடும்பம், நாடு நாடாக அலைகிற பரதேசிகள். எச்சரிக்கப்படுகிறவர்கள் ராஜாக்கள். பலமுள்ளவனிடம் எளியவனைத் தொடாதே என்று சொன்ன வசனத்தை எளியவன் வாயை அடைக்க எடுத்துக்கொண்டால் என்ன சொல்வது? தாவீது சவுலைக் கொல்லவில்லை, சரி. ஆனால் குகையிலிருந்து வெளியே வந்து, அறுத்தெடுத்த சால்வையின் தொங்கலைக் கையில் தூக்கிக் காட்டி, ஊரே கேட்க நியாயம் கேட்டான். அதற்குப் பிறகு சவுல் தன் வீட்டுக்குப் போனான். தாவீது தன் மலைக்கோட்டைக்குப் போனான். திரும்பச் சவுல் அரண்மனைக்குப் போய் அவன் கவரிங்கில் உட்காரவில்லை.

எபிரெயர் 13:17 இதைவிடக் கனமான வசனம். அதை லேசாகத் தள்ள முடியாது. உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து அடங்குங்கள் என்றுதான் இருக்கிறது. கிரேக்கத்தில் முதல் வினைச்சொல்லுக்குள் 'ஒருவர் எடுத்துச் சொல்ல மனம் இணங்குவது' என்ற சாயல் உண்டு என்று சிலர் அதை மெலிக்கப் பார்ப்பார்கள். இரண்டாவது வினைச்சொல் விட்டுக்கொடுப்பதையே சொல்கிறது, அதனால் அந்த வாதம் பாதி தூரம்தான் போகும். நான் பார்க்கச் சொல்வது வேறு இரண்டு. ஒன்று, 'நடத்துகிறவர்கள்' பன்மை. இன்னொன்று, அவர்கள் உங்கள் ஆத்துமாக்களுக்காக 'உத்தரவாதம்பண்ணுகிறவர்கள்' என்று வருகிறது. இன்றைய பேச்சில் உத்தரவாதம் என்றால் கேரண்டி. கடைக்காரர் ஃபிரிட்ஜுக்குக் கொடுப்பது. அதனால் பாஸ்டர் நம் ஆத்துமாவுக்குக் கேரண்டி கொடுக்கிறார் போல என்று நம்மில் பலர் வாசித்துவிடுகிறோம், சில பாஸ்டர்களும்தான். அந்தக் காலத் தமிழில் உத்தரவாதம் பண்ணுவது என்றால் பதில் சொல்வது, கணக்கு ஒப்புவிப்பது. பெரியப்பாவின் துண்டுச் சீட்டுகள்தான் அது. கணக்குக் கேட்கப்போகிறவர் இருக்கிறார் என்பதே அந்த வசனம் கீழ்ப்படியச் சொல்வதற்குக் காரணம்.

பவுல் அப்போஸ்தலனாகவே இருந்தும் கொரிந்தியருக்கு எழுதும்போது, "உங்கள் விசுவாசத்திற்கு நாங்கள் அதிகாரிகளாயிராமல், உங்கள் சந்தோஷத்திற்குச் சகாயராயிருக்கிறோம்" என்கிறார். அந்தியோகியாவில் பேதுரு தவறியபோது முகத்துக்கு முகம் எதிர்த்தார். 1934 மே மாதம் ஜெர்மனியில் பார்மென் நகரில் கூடிய சபைத் தலைவர்கள், ஹிட்லர் அரசு சபைக்குள் கை வைத்தபோது, இயேசு கிறிஸ்துவைத் தவிர வேறு ஆண்டவர் சபைக்கு இல்லை என்று அறிவித்தார்கள். அந்த அறிக்கையை அரசுக்கு எதிரானதாக மட்டும் நினைக்கிறோம். அதன் நான்காவது கூற்று வீட்டுக்குள்ளேயே திரும்புகிறது: சபையிலுள்ள பல்வேறு பணிகள் ஒருவர்மேல் ஒருவருக்கு ஆளுகையை உண்டாக்குவதில்லை, அவை சபை முழுவதற்கும் ஒப்படைக்கப்பட்ட ஊழியத்தைச் செய்வதற்கே. வெளியே ஒரு சர்வாதிகாரியை எதிர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு உள்ளேயும் பார்க்கத் தோன்றியிருக்கிறது.

இப்போது என் பங்கு. இதை எழுதவேண்டுமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். நான் செயலாளராக இருந்தபோது ஒரு குடும்பம் உங்களைப் போலவே வேறு சபையில் சேர மாற்றுக் கடிதம் கேட்டது. எங்கள் சபை விதிப்படி, ஒழுங்கு விசாரணை ஏதும் இல்லாத உறுப்பினர் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அந்தச் சகோதரர் அந்த வருட ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கட்டட நிதியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டிருந்தார், பாஸ்டர் மனது புண்பட்டிருந்தது. "கொஞ்ச நாள் போகட்டும், பிரதர்" என்றார். கடிதத்தை நான் ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தேன். பழுப்பு உறையில் போட்டு அலுவலக இரும்பு அலமாரியின் இரண்டாவது இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ஐந்து மாதம். ஆராதனை முடிந்து தேநீர் மேசைக்கு அவர் கறிபாப் எடுக்க வரும்போதெல்லாம் என்னைப் பார்ப்பார். "பாஸ்டர் ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கார்" என்பேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. கடைசியில் அவர் கேட்பதை விட்டுவிட்டார், வருவதையும் விட்டுவிட்டார். பாஸ்டர் மாற்றலாகிப் போன பிறகு, புதியவர் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார். நானே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மா கதவைத் திறந்தார்கள். இரும்பு கேட்டைத் திறக்கவில்லை. கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி உறையை வாங்கிக்கொண்டு, "சரி அங்கிள்" என்றார்கள். அவ்வளவுதான். அந்தப் பாஸ்டர் கெட்டவர் இல்லை, நானும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆண்டவருக்காகச் சபையைக் கட்டிக்காக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் சபையில் இது எப்படி நடக்கும் என்பது அது எந்த வகைச் சபை என்பதைப் பொறுத்தது. இங்குள்ள மெதடிஸ்ட் திருச்சபையில் பேராயரை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள், போதகர்கள் நியமனத்தின்படி இடம் மாறுகிறார்கள். ஆங்கிலிக்கன் சபைக்கும் மேலே ஆயரும் மன்றமும் உண்டு. அங்கெல்லாம் பாஸ்டரைத் தாண்டிக் கேட்க ஆள் இருக்கிறது. சுயாதீனச் சபையில், ஆரம்பித்தவரே பாஸ்டர், அவர் மனைவி பொருளாளர், மைத்துனர் மூப்பர் என்றிருந்தால் கேட்க ஆள் இல்லை. பணத்தைப் பொறுத்தவரை அரசாங்கம் கேட்கும். அறநிறுவனமாகப் பதிவான சபை ஆண்டுதோறும் அறநிறுவன ஆணையரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும். ஒரு பெரிய சபையின் தலைவர்கள் ஆறு பேரை 2015-இல் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது சபை நிதியைக் கையாண்ட விதத்துக்காகத்தான். ஆனால் கவரிங் போய்விடும் என்று ஒருவர் பயமுறுத்துவதை எந்த ஆணையரும் விசாரிக்கமாட்டார்.

உங்கள் பாஸ்டர் பக்கமும் ஒரு வார்த்தை. பாட்டு நன்றாக இருக்கிறது, பிரசங்கம் சின்னது, பார்க்கிங் சுலபம் என்று ஆறு மாதத்துக்கு ஒரு சபை தாவுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்திருக்கும். பதினோரு வருடம் கூட இருந்த குடும்பம் போகிறது என்றால் வலிக்கும். சொல்லாமல் கொள்ளாமல் போகாதீர்கள் என்று அவர் கேட்டால் அது நியாயம். யாரோடாவது கசப்பிருந்தால் தீர்த்துவிட்டுப் போங்கள் என்று சொன்னாலும் நியாயம், மத்தேயு 18 அதைத்தான் சொல்கிறது. நீங்கள் எழுதியதில் அப்படி ஒரு கசப்பும் எனக்குத் தெரியவில்லை. வீடு மாறியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆகவே என் பதில்: போகலாம். இயேசு உங்களுக்கு ஜூரோங்கிலும் அதே தலைதான். நேரில் ஒருமுறை பாஸ்டரைப் பாருங்கள், உங்கள் கணவரும் வரட்டும். நன்றி சொல்லுங்கள்; பிள்ளைகளுக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேளுங்கள். விவாதம் வேண்டாம், நான் மேலே எழுதிய வசனங்களை அவர்மேல் எறியவும் வேண்டாம். பிறகு எழுத்தில் கொடுங்கள், நான்கு வரி போதும்: ஐயா, நாங்கள் ஜூரோங் வெஸ்ட்டுக்குக் குடிமாறியிருப்பதால் அருகிலுள்ள சபையில் சேர விரும்புகிறோம், இத்தனை ஆண்டு எங்களை நடத்தியதற்கு நன்றி, எங்கள் நான்கு பேருக்கும் மாற்றுக் கடிதம் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். தேதி போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். ஒரு மாதத்தில் வராவிட்டால் அதன் நகலோடு புதிய சபைப் போதகரைப் போய்ப் பாருங்கள். கடிதம் இல்லாமலே சேர்த்துக்கொள்ள அநேகமாக எல்லாச் சபையிலும் வழி உண்டு. பாஸ்டருக்குக் கொடுக்கும் அன்றே ஒரு நகலைச் செயலாளர் கையிலும் கொடுத்துவிடுங்கள். அவர் என்னைப் போல ஒருவராக இருந்தால், இழுப்பறையைப் பூட்டும்போது அது அவர் கண்ணில் படும்.